எந்திரிக்காத பெட்டி

சரண்யா: …இல்லப்பா, கிட்டப் போய்ப் பாரு. பச்ச லைட்டு மினுக்குதா?

கண்ணுச்சாமி: மினுக்கல ஆத்தா. கும்பகர்ணனாட்டம் கிடக்கு.

சரண்யா: கயித்தப் பிடிச்சு மிதவைய இன்னொருக்கா தூக்கு.

கண்ணுச்சாமி: தூக்கிட்டேன். கெணத்துத் தவளையெல்லாம் என்னைய ஒரு மாதிரியாப் பாக்குது.

சரண்யா: வெளையாடாதப்பா! தண்ணி ஏறி மிதவை தூக்குச்சுன்னா பெட்டி தூக்கத்துலருந்து எந்திரிக்கணும். எந்திரிச்சு, வயர் இல்லாமயே கப்பலூர் ஆபீசுக்குச் சேதி அனுப்பணும். இங்க ஸ்கிரீன்ல ஒண்ணும் வரல.

முருகம்மாள்: யாருங்க, சரண்யாவா? சாப்ட்டாளான்னு கேளுங்க.

கண்ணுச்சாமி: சும்மா இரு புள்ள, போனு ஸ்பீக்கர்லதான் கெடக்கு. இங்க பெட்டி எந்திரிக்கலையாம், உம் மக உசுர விடுறா.

சரண்யா: மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள எந்திரிச்சாகணும்ப்பா. எங்க மேனேஜரு கிரிதர் சார் கண்டிசனாச் சொல்லிட்டாரு. இல்லேன்னா பெட்டிக்குள்ள இருக்க இந்தப் போர்டத் தூக்கிப் போட்டுட்டு, வெளியூர்ல ரெடிமேடா வாங்கிருவாங்க.

கண்ணுச்சாமி: வாங்குனா வாங்கிட்டுப் போறாங்க. ஒனக்கென்ன?

சரண்யா: எனக்கா… எனக்கொண்ணுமில்ல. இந்தப் போர்டு போட்ட மேடம் பாவம். வருசம் பூரா இதையே கட்டி அழுதிருக்காங்க.

கண்ணுச்சாமி: எந்த மேடம்?

சரண்யா: அது… ஆபீஸ்ல ஒரு மேடம்.

கண்ணுச்சாமி: கெட்டிக்காரவுகளா?

சரண்யா: ம்… சுமார்தான்.

கண்ணுச்சாமி: சுமாரா! சுமாரான ஆளு செஞ்சதையா எங் கெணத்துல மாட்டிவிட்ட?

சரண்யா: ஐயோ அப்பா… சுவிட்ச ஒருக்கா ஆஃப் பண்ணிப் போடு.

கண்ணுச்சாமி: போட்டாச்சு… மினுக்குது! மினுக்குது ஆத்தா!

சரண்யா: இங்கயும் சேதி வந்திருச்சு. இரு, இரு… இப்பத் திரும்பத் தூங்கும். தூங்குனதும் மிதவையத் தூக்கு.

கண்ணுச்சாமி: தூக்குறேன்… ம்ஹூம். அசையல.

சரண்யா: முழிச்சிருந்தா ஒழுங்கா வேலை பாக்குது. தூங்குனா எந்திரிக்க மாட்டேங்குது. மேசையில வச்சு எம்புட்டு நாளு பாத்தோம், ஒரு தடவகூட இப்படி பண்ணல. நான் வந்து மாட்டுன அன்னைக்கும் நல்லா இருந்துச்சே… அப்பா, மூடியத் தொறந்தியா?

கண்ணுச்சாமி: கொஞ்சம் காத்தாடட்டுமேன்னு…

முருகம்மாள்: எதுக்குப் பொய் சொல்றீங்க? நாந்தேன் தாயி தொறக்கச் சொன்னேன். நேத்து வெள்ளிக்கிழமைல்ல… புதுப் பொருளு… சந்தனத்தக் கொழச்சு வச்சு, குங்குமம் வச்சு…

சரண்யா: உள்ளயா? மூடி மேல வைக்க வேண்டியதானம்மா!

முருகம்மாள்: மேல வச்சா மழைக்குக் கரைஞ்சுபோகும்ல?

சரண்யா: அடியாத்தீ… எந்த இடத்துல வச்ச?

முருகம்மாள்: நடுவுல, கறுப்பா சதுரமா ஒண்ணு இருந்துச்சு. நெத்தியாட்டம் அம்சமா இருந்துச்சா… நல்லாப் பெருசாவே வச்சேன்.

சரண்யா: அம்மா! அந்தச் சதுரந்தான் தூங்கி எந்திரிக்கிறதே!

கண்ணுச்சாமி: இம்புட்டூண்டு சந்தனம் என்ன ஆத்தா பண்ணும்?

சரண்யா: தூங்குறப்ப பேட்டரி தீந்துறக் கூடாதுன்னு, மிதவை வயர்ல கரண்ட ரொம்பக் கொறச்சு வச்சிருக்கேன்… வச்சிருக்காங்க. ஈரச் சந்தனம் பட்டா அந்தக் கொஞ்சத்தையும் இழுத்துக்கிரும். மிதவை எழுப்புறதே அதுக்குத் தெரியாது.

கண்ணுச்சாமி: ஆங்… வச்சிருக்காங்க.

சரண்யா: சிரிக்காதப்பா. பேட்டரியக் கழட்டு. காஞ்ச துணியால பொட்ட அழி. சந்து பொந்துல ஒட்டுனதையும் விடாத.

முருகம்மாள்: அழிக்கிறதா? வாயக் கழுவு! வெள்ளிக்கிழம வச்ச பொட்டு!

கண்ணுச்சாமி: அழிக்கல புள்ள, எடம் மாத்துறோம். மூடிக்கு மேல ஒண்ணு வச்சு விட்டுரு… இந்தா ஆத்தா, தொடச்சிட்டேன். வெயில்லயும் காட்டியாச்சு.

சரண்யா: நல்லாக் காஞ்சிருச்சா? பேட்டரியப் போடு. மினுக்கிட்டுத் தூங்கும்… தூங்கட்டும்… இப்பத் தூக்குப்பா.

கண்ணுச்சாமி: தூக்குறேன்…

முருகம்மாள்: முருகா…

சரண்யா: வந்திருச்சு! அப்பா, வந்திருச்சு! இன்னொருக்கா தூக்கு… வருது! சார், பாருங்க சார், எந்திரிச்சிருச்சு!

கண்ணுச்சாமி: காதப் பிச்சுப்புட்டாளே!

சரண்யா: போர்டுல ஒரு தப்பும் இல்லப்பா! அம்புட்டும் சரியாத்தான் இருக்கு. அடுத்த போர்டுக்கு மேல ஈரம் எறங்காத பூச்சு ஒண்ணு பூசிட்டா அம்மா எத்தன பொட்டு வேணாலும் வச்சுக்கலாம். சார் சிரிக்கிறாரு. நம்ம போர்டையே போட்டுருவோம்னு சொல்லிட்டாரு!

கண்ணுச்சாமி: அப்ப அந்த மேடத்துக்குச் சந்தோசந்தான்.

சரண்யா: தலகால் புரியல அவங்களுக்கு.

கண்ணுச்சாமி: அவுகள்ட்ட ஒண்ணு கேளு. அன்னைக்கி இதக் கெணத்துல மாட்டுறப்ப ஏன் ஒவ்வொரு திருகையும் பத்துத் தடவ தடவிப் பாத்தாக? அடுத்தவுக பொருள யாரு ஆத்தா அப்படித் தடவிப் பாப்பா?

சரண்யா: அப்பா… ஒனக்குத் தெரியுமா?

முருகம்மாள்: தெரியாமயா பொட்டு வச்சேன்? கண்ட கம்பெனிப் பெட்டிக்கெல்லாம் வைக்க எனக்கென்ன கிறுக்கா?

சரண்யா: ஓடலைன்னா ஊருக்குள்ள ஒனக்குத் தலைக்குனிவாப் போயிருமேன்னுதான்ப்பா மறைச்சேன். ஆர்டர் கையில வார வரைக்கும் யாருட்டயும் மூச்சு விட்றாத.

கண்ணுச்சாமி: இனிமே யாருட்ட விட? மாட்டுன அன்னைக்கே மேலூர் பஸ் ஸ்டாண்டுலருந்து, நாங்க முந்தி கூலிக்கி நின்ன வயக்காரவுக வீடு வரைக்கும் போய், எம் மக செஞ்சதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். நீ ஒருத்திதான் ஆத்தா இம்புட்டு நாளா எங்கிட்டச் சொல்லாம இருந்த.