அந்த ஒரு வெடிப்பு மட்டும்

— ஏணியைக் கெட்டியாப் புடி. என்னைப் பாக்காத, ஏணியைப் பாரு.

— உங்களைப் பாக்க யாருக்கு ஆசை? விழுந்து தொலைச்சா நான்தானே தூக்கணும்னு பாக்கறேன். கொத்தனார்தான் வர்றேன்னாரே, அதுக்குள்ள என்ன அவசரம்?

— அவர் வர்றதுக்குள்ள மழை வந்துடும். அந்தப் பட்டி பூசற தகட்டை எடு.

— ஏங்க, நூல் மாதிரி ஒரு கோடு. இதைப் போய் இவ்வளவு அகலமாக் கீறி வெச்சிருக்கீங்க?

— கீறி விட்டாத்தான் பட்டி உள்ள போய்ப் புடிக்கும். மேலாகத் தடவினா அடுத்த வெயிலுக்கே உரிஞ்சு வந்துடும்.

— சின்னதைப் பெரிசாக்கறதுல உங்களை மிஞ்ச ஆள் இல்ல.

— ... சுவத்தைத்தானே சொல்ற?

— சுவத்தைத்தான் சொன்னேன். வேற என்னத்தைச் சொல்லப் போறேன்?

— ம்... தண்ணி தெளி. இன்னும் கொஞ்சம். காஞ்ச சுவத்துல பட்டி நிக்காது.

— போதுமா? அப்ப எறங்குங்க. டீ போடறேன்.

— எங்க முடிஞ்சுது? தள்ளு, எறங்கறேன். வாசக்கதவுக்குப் பக்கத்துல, ஜன்னல் சட்டத்தை ஒட்டி ஒரு வெடிப்பு இருக்கே. விரலே போகும். இருக்கிறதுலயே அதுதான் பெரிசு.

— அது... அது இருக்கட்டும்.

— ஏன்?

— எறும்பு போகுது வருது. பாவம்.

— போன வாரம் சமையல்கட்டுல எறும்பு மருந்து போட்டவ நீதானே?

— அது சமையல்கட்டு எறும்பு. இது வேற.

— அடேங்கப்பா. எறும்புல கூட நம்ம வீட்டு எறும்பு, பக்கத்து வீட்டு எறும்புன்னு இருக்கா?

— பட்டி பத்தாதுங்க. டப்பா அடியில ஒட்டிக் கெடக்கு.

— இன்னொரு டப்பா இருக்கு. நகரு.

— மாட்டேன்.

— கையை எடும்மா. எதுக்கு அதைப் பொத்திக்கிட்டு நிக்கற?

— நான் உங்ககிட்ட வாயைத் திறந்து எதுவும் கேட்டதில்ல. இதை மட்டும் விட்டுடுங்க.

— அப்படியே விட்டா மழைத் தண்ணி உள்ள எறங்கும். துருப் பிடிச்சுடும்.

— ... என்னது?

— ஒண்ணுமில்ல.

— சுவத்துக்கு எங்கங்க துருப் பிடிக்கும்?

— வெயில் ஏறுது. தகட்டைக் குடு.

— அதுக்குள்ள சாவி இருக்கிறது உங்களுக்குத் தெரியுமா?

— தெரியாம என்ன? சின்னவ வேலை முடிஞ்சு லேட்டா வந்தா, கதவைத் தட்டி என் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாதுன்னு அம்மாவும் பொண்ணும் பண்ணின ஏற்பாடு. அவ செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுப் பூனை மாதிரி உள்ள போற வரைக்கும் நான் முழிச்சுக்கிட்டுத்தான் கெடப்பேன்.

— ஒரு நாள் கூடச் சொல்லலையே...

— அவ வந்து சேர்ந்தாச் சரி. அதுல சொல்ல என்ன இருக்கு?

— அப்படிப்பட்ட மனுஷன்தான், வெளியூர் வேலைக்குப் போறேன்னு நின்னவகிட்ட, போனா இந்த வாசலை மிதிக்காதேன்னு சொன்னீங்க.

— சொன்னேன்.

— அதோட விட்டீங்களா? அவ போன கையோட பூட்டையும் மாத்தினீங்க.

— பழைய பூட்டு... முரண்டு பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

— முரண்டு பிடிச்சது பூட்டா, நீங்களா? ஒரு தடவை ஃபோன் போட்டு வான்னு சொல்லுங்களேன். அப்பா கூப்பிடட்டும், வர்றேங்கிறா.

— ஃபோனை எடுக்கத்தான் எடுக்கறேன். நாக்கு எழ மாட்டேங்குது.

— எனக்கும் தெரியுங்க, அந்தச் சாவி இனிமே எதுக்கும் ஆகாதுன்னு. ஆனாலும் வாசல் பெருக்கும்போதெல்லாம் விரலை விட்டுத் தொட்டுப் பாத்துக்கறேன். அது இருந்தா அவ வந்துடுவான்னு ஒரு நெனைப்பு. அவளைப் பாக்காம என்னால முடியலைங்க.

— எடுத்துப் பாரு.

— எதை?

— தொட்டே பாத்துக்கிட்டு இருந்தா எப்படி? வெளிய எடுத்து, சுத்தியிருக்கிற பிளாஸ்டிக்கைப் பிரிச்சுப் பாரு.

— இது... பளபளன்னு இருக்கு. ஏங்க, இது புதுப் பூட்டுச் சாவியா?

— கோபத்துல மாத்திட்டேன். மாட்டி முடிச்சுப் பாத்தா கையில மூணு சாவி. எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு... அழாத. பட்டி காயுது. இதுக்கு மேல மட்டும் ஒரு விளிம்பு மாதிரி பூசி விடறேன், தண்ணி எறங்காது. வாயை அடைக்க மாட்டேன்.

— பூட்டை மாத்தினதே அவளுக்குத் தெரியாதுங்க. மனசு ஒடிஞ்சு போயிடுவான்னு நான் சொல்லவே இல்ல. இப்பச் சொல்லிடட்டுமா?

— வேணாம். அவளுக்குத் தெரியவே வேணாம். என்னிக்கு வந்தாலும் பழையபடி கையை விடணும், சாவி கெடைக்கணும், போட்டா கதவு திறக்கணும். அவ்வளவுதான்... நான் இன்னமும் முழிச்சுக்கிட்டுத்தான் கெடக்கறேன்.