லின்ட்க்விஸ்ட் பண்ணைக்கு ஒரே ஒரு டிரிப்

டிசம்பர் மாதம். மாலை நாலே முக்கால். தெற்கே சோளக்காடு, வடக்கே சோளக்காடு, எல்லாம் அறுவடை முடிந்து மொட்டையாகக் கிடக்கிறது. நடுவே சரளைக்கல் சாலை. அந்தச் சாலையில் ஒரே ஒரு லாரி. ஓட்டுவது மார்லிஸ் என்கிற பெண்பிள்ளை.

கர்ட், அந்த போனைக் கொஞ்சம் கீழே வை. சாயங்காலத்திலிருந்து நீ வேலை விளம்பரம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாய், எனக்குத் தெரியும். 'உள்ளூர் ஓட்டம், தினமும் வீட்டுக்குப் போகலாம்.' அதனால்தான் இதைச் சொல்கிறேன். இந்தப் பனியில் நெடுஞ்சாலையை எப்படியும் காலை வரை திறக்க மாட்டார்கள். கரண்டும் வராது. எல்லாரும் அடுப்புப் பக்கம் தள்ளி உட்காருங்கள்.

என்னோடு எட்டு வருடம் ஓட்டிய வெண்டெலை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். பொய் சொல்லத் துப்பில்லாத ஆள். மார்லிஸ் அவனுடைய அக்கா. அவன் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

மார்லிஸ் பதினாலு வருடம் நம்மைப் போலத்தான் வெளியூர் லாரி ஓட்டினாள். மூன்று வாரம் சாலை, இரண்டு நாள் வீடு. அப்புறம் ஒரு நாள் அவள் புருஷன் க்ளென் களஞ்சியக் கூரையிலிருந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே போய்விட்டது. பகலில் பார்த்துக்கொள்ள எஸ்தர் என்று ஒரு பெண் வருவாள். அவள் ஐந்தரைக்குக் கிளம்பியாக வேண்டும். அதற்குப் பிறகு க்ளெனை நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்ற ஆள் இல்லை. மார்லிஸ்தான் வர வேண்டும்.

உள்ளூர் வேலை தேடினாள். முப்பது நாற்பது இடத்தில் கேட்டிருப்பாள். உள்ளூர் என்பார்கள்... விடியற்காலை இரண்டு மணிக்கு வரச் சொல்வார்கள், ராத்திரி ஒன்பதுக்கு விடுவார்கள். ஒருவன் 'வாராவாரம் வீட்டுக்குப் போகலாம்' என்று பெருமையாகச் சொன்னானாம். கடைசியில் ஒரு தீவன மில்லில் கிடைத்தது. காலை ஆறு மணியிலிருந்து ஐந்து மணி வரை. பண்ணைகளுக்கு மாட்டுத் தீவனம் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வர வேண்டும். சம்பளமும் மோசமில்லை. அந்த ஒரு வருடத்தில் அதே லாரிக்கு மூன்று பேர் வந்து போயிருந்தார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

சேர்ந்து இரண்டாவது வாரம். அந்த நாலே முக்கால்.

காலி லாரி. ஹீட்டர் ஓடுகிறது. திடீரென்று உள்ளே ஒரு வாடை... ஈரச் சோளம் மாதக் கணக்கில் புழுங்கினால் வருமே, அது. பின்னாலேயே வயர்லெஸ்ஸில் இருமல் சத்தம். வறட்டு இருமல். மூன்று தடவை.

"மார்லிஸ்... லின்ட்க்விஸ்ட் பண்ணைக்கு ஒரே ஒரு டிரிப் இருக்கு. போயிட்டு வந்துடேம்மா."

வயசான குரல். மரியாதையான குரல். அவளுக்கு அந்தக் குரலைத் தெரியாது.

"என் நேரம் முடியப் போகுதுங்க. நாளைக்குக் காலைல பாக்கலாம்" என்றாள்.

வயர்லெஸ் கரகரவென்றது. அவ்வளவுதான். வாடையும் போய்விட்டது.

மில்லுக்கு வந்து மேனேஜர் டார்வினிடம் கேட்டாள். "வயர்லெஸ்ல பேசற அந்தப் பெரியவர் யாரு?"

டார்வின் கணக்கு நோட்டை மூடினான். "நீ என்ன சொன்ன?"

"முடியாதுன்னேன்."

"முடியாதுன்னா சொன்ன?" அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. எமெட் என்று ஒருவர். எந்த லாரி எந்தப் பண்ணைக்கு என்று அந்த மில்லில் பத்தொன்பது வருடம் வயர்லெஸ்ஸில் சொன்னவர். ஒரு அறுவடைக் காலத்தில் நாற்காலியிலேயே செத்துப் போனார், மைக் கையில் இருக்க. வெளியே மூன்று லாரிகள் 'அடுத்து எங்க போறது' என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கின்றன. சாகிறவரைக்கும் யாரையும் நேரத்துக்கு வீட்டுக்கு விட்டதில்லை. அவரும் போனதில்லை.

லின்ட்க்விஸ்ட் பண்ணை எரிந்து அப்போதே இருபது வருடம் ஆகியிருந்தது. இருந்தும் மார்லிஸுக்கு முன்னால் வந்த மூவரும் அந்த டிரிப்புக்குச் 'சரி' சொன்னார்கள். முதல் ஆள் மூன்றாம் நாள் திரும்பி வந்தான், ஒரு மணி நேரம்தான் ஆச்சு என்றான். இரண்டாவது ஆள் சாவியை மேஜையில் வைத்துவிட்டு வேலையை விட்டே போய்விட்டான். மூன்றாவது ஆளைத் தேடிப்போய்ப் பார்த்தால்... எரிந்த வீட்டு வாசலில் லாரி நிற்கிறது. எஞ்சின் ஓடுகிறது. அவன் காலி லாரியின் தீவனம் கொட்டும் குழாயைக் கையால் பிடித்துக்கொண்டு, இல்லாத தீவனத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கிறான். கையில் தோல் இல்லை.

மார்லிஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "விளம்பரத்துல இதைப் போடலையே?"

"போட்டா யார் வருவா?" என்றான் டார்வின். "நாலு மணிக்கே வயர்லெஸ்ஸை அணைச்சுடு."

மறுநாள் அணைத்தாள். நாலே முக்காலுக்கு அதுவாகப் பேசியது. அதற்கு மறுநாள் ஒயரையே பிடுங்கிப் போட்டாள். அப்போதும் இருமல்... மூன்று தடவை.

"மார்லிஸ்... ஒரே ஒரு டிரிப்."

"முடியாதுங்க."

அந்த வேலையை விட்டுவிடு என்று வெண்டெல் கெஞ்சியிருக்கிறான். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "இதை விட்டுட்டு உசுரோட இருக்கறவன்கிட்டப் போய் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ஓட்டணுமா? இதுவாவது கேக்குதுடா. மத்தவனெல்லாம் கேக்கவே மாட்டான்."

சிரிக்காதே கர்ட். இதற்கு அப்புறம்தான் இருக்கிறது.

பிப்ரவரி. பனி குறுக்கே அடிக்கிறது. கடைசிப் பண்ணையில் தாமதமாகிவிட்டது. ஐந்தே கால். ஐந்தரைக்கு எஸ்தர் கிளம்பிவிடுவாள் என்று மார்லிஸ் மிதித்துக்கொண்டு வருகிறாள். வாடை வந்தது. இருமல் வந்தது.

"மார்லிஸ்... இன்னைக்குப் போயிட்டு வந்துடு. க்ளெனை நினைச்சுக் கவலைப்படாத. எஸ்தரை அனுப்பிட்டேன். நான் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்."

குரலுக்குப் பின்னால் டிவி ஓடுகிறது. வானிலைச் செய்தி. அதற்கும் பின்னால் ஒருவர் சிரிக்கிறார்.

அது க்ளென் சிரிப்பு.

மார்லிஸ் பிரேக்கை அழுத்தினாள். லாரி நடுரோட்டில் நின்றது. எதிரே சாலை இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் லின்ட்க்விஸ்ட் பண்ணை. வலது பக்கம் வீடு. காலை எடுத்தாள், லாரி நகர்ந்தது... ஸ்டீயரிங் தானாக இடது பக்கம் திரும்புகிறது. இரண்டு கையாலும் பிடித்து இழுக்கிறாள். வரவில்லை. மறுமுனையில் யாரோ பிடித்துக்கொண்டு விடாத மாதிரி.

பிடியை விடாமல் வயர்லெஸ்ஸைப் பார்த்துச் சொன்னாள்.

"இங்க பாருங்க. பதினாலு வருஷம் கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் போனேன். என் புருஷன் விழுந்தப்ப நான் ஆயிரம் மைலுக்கு அந்தாண்ட இருந்தேன். ரெண்டு மணி நேரம் பனியில கெடந்தார். யாருக்கும் தெரியல. அஞ்சு மணி வரைக்கும் நான் மில்லோட ஆளு. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கூட உங்களுக்குக் கெடையாது. செத்தவருக்கும் கெடையாது, இருக்கறவருக்கும் கெடையாது. கையை எடுங்க."

ஸ்டீயரிங் சட்டென்று லேசாகிவிட்டது. வலது பக்கம் திருப்பினாள். மில்லுக்குக்கூடப் போகவில்லை, தீவன லாரியை நேராக வீட்டு வாசலுக்கே ஓட்டினாள்.

வாசலில் பனி முழங்கால் உயரம். எஸ்தர் வெளியே போன காலடித் தடம் ஒன்று இருந்தது. உள்ளே வந்த தடம் ஒன்றுகூட இல்லை.

க்ளென் நாற்காலியில் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தான். "இப்பத்தான் போனார் உங்க ஆபீஸ் பெரியவர். நல்ல மனுஷன். பாவம், கை மட்டும் ஐஸ் மாதிரி இருந்துது" என்றான்.

எதிர் நாற்காலியைத் தொட்டுப் பார்த்தாள். மெத்தையெல்லாம் ஈரம்.

அவள் கதவைத் திறந்து இருட்டைப் பார்த்துச் சொன்னாள். "நான் கூப்பிடாம இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது." கதவைச் சாத்தினாள். க்ளெனைத் தூக்கிக் கட்டிலில் போட்டாள். அப்புறம்தான் அழுதாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மில்லில் நின்றாள்.

பதினோரு வருடம், கர்ட். தினமும் நாலே முக்கால். தினமும் ஒரே ஒரு டிரிப். தினமும் முடியாதுங்க. அந்தப் பதினோரு வருடமும் அவள் வீட்டுக் கட்டிலில்தான் தூங்கினாள்.

போன அக்டோபரில் ஓய்வு பெற்றாள். கடைசி நாள், அதே சாலை, அதே நேரம். குரல் கேட்டது.

"முடியாதுங்க" என்றாள் மார்லிஸ். "இனிமே எப்பவும் முடியாது. என் வேலை இன்னையோட முடிஞ்சுது. உங்க வேலையும் முடிஞ்சு ரொம்ப நாளாச்சு."

லாரி மில் வாசலில் திரும்பும்போதுதான் இருமல் வந்தது. ஒரே ஒரு தடவை.

"அப்ப... நானும் உன் கூட வீட்டுக்கு வரட்டுமா?"

நானாக இருந்தால் கதவைத் திறந்து குதித்திருப்பேன். அவள் சிரித்தாளாம்.

"வாங்க. ஆனா எங்க வீட்டுல சாப்பிடறவங்க தட்டைக் கழுவி வெச்சுட்டுத்தான் போகணும்."

அன்று ராத்திரி பீன்ஸ் போட்ட மாட்டுக்கறிக் குழம்பும் இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும். அவளும் க்ளெனும் மட்டும்தான். யாரும் வரவில்லை. வாடை இல்லை, சத்தம் இல்லை. களைப்பில் சாப்பிட்ட தட்டுகளைத் தொட்டியில் அப்படியே போட்டுவிட்டுத் தூங்கப் போனாள்.

காலையில் எழுந்து பார்த்தால் தொட்டி காலி. தட்டுகளைக் கழுவிச் சாய்த்து அடுக்கியிருந்தது.

மூன்று தட்டுகள். இரண்டு அவர்களுடையவை. மூன்றாவது, ஓரத்தில் நீலக்கோடு போட்ட பழைய எனாமல் தட்டு. அப்படி ஒரு தட்டு அந்த வீட்டில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அதிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.