வலது பக்கம் மேல ஒரு தூசி

— ஊதாதீங்க. வாயால ஊதக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?

— ஊதல புள்ள, மூச்சு விட்டேன். அதுவும் விடக்கூடாதா?

— கெமராவத் தொறந்து வச்சிக்கிட்டு விடாதீங்க. எச்சி தெறிச்சா தூசிய விட மோசம்னு எங்கண்ணே சொல்லும்.

— கிஷாந்த் என்னா சொல்லுவான்னு எனக்குத் தெரியாதா, பிரியந்தி? ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கின கெமரா இது. நோர்வூட்டச் சுத்தி நாங்க படம் எடுக்காத கல்யாணம் இருக்கா?

— இருக்கு. நம்ம கல்யாணம்.

— அதையேன் இப்ப கிளப்புற. அந்த வெந்நிப் பானைய மூடு. ஆவி போதும், பறந்த தூசியெல்லாம் அடங்கியிருக்கும்.

— அடுப்பயும் அணைச்சிட்டேன், கரி பறக்கும்னு. பாப்பா எந்திரிச்சா பால் காய்ச்ச வழியில்ல. பேட்டரி பாத்தீங்களா?

— முழுசா இருக்கு. பாதியில போச்சுன்னா உள்ள தூக்கி நிக்கிற கண்ணாடி படார்னு விழுந்துரும். இந்தா, கெமராவக் கவுத்துப் புடிக்கிறேன். காத்தடிக்கிற ரப்பர் பந்த எடு. அதுக்கு முன்னாடி ஒங்கண்ணன் அனுப்பின மெசேஜ இன்னொருக்கா படி.

— எத்தன தடவதான் படிக்கிறது? "சென்சார்ல தூசி இருக்கு. வலது பக்கம் மேல." அவ்வளவுதான்.

— அவ்வளவுதான்.

— நான் எவ்வளவு எழுதினேன் தெரியுமா? அண்ணே, ஞாயித்துக்கெழம மாரியம்மன் கோயில்ல பாப்பாவுக்குக் காது குத்துறோம், தாய்மாமன் மடியில்லாம எப்படிக் குத்துறது, வாங்கண்ணேன்னு. இந்தக் கெமராவுல எடுத்த பாப்பா படத்தையும் அனுப்பினேன். வாரேன்னும் இல்ல, வரலன்னும் இல்ல. தூசி இருக்காம்.

— மூணு வருசத்துல அவன் சொன்ன மொத வார்த்த அது.

— அதாலதான் இன்னைக்கே துடைக்கணும்னு நின்னேன். விடிஞ்சா ஞாயித்துக்கெழம. கேட்ட ஒன்னையாவது செஞ்சிட்டோம்னு ஒரு படம் எடுத்து அனுப்புவோம்.

— கெமராவையும் நீயே வச்சுக்க, தங்கச்சியையும் நீயே வச்சுக்கன்னுட்டுக் கொழும்புக்குப் போனவன். கூட்டாளின்னு வீட்டுக்குள்ள விட்டான், நான் அவன் தங்கச்சியக் கூட்டிக்கிட்டுப் போய்ட்டேன். அவன் எடத்துல நான் இருந்தாலும் பேசியிருக்க மாட்டேன்.

— இப்ப என்னா, வருத்தமா?

— கட்டினதுக்கு இல்ல. அவன்கிட்ட சொல்லாமக் கட்டினதுக்கு. வரலன்னா என்னா செய்வ?

— ஒங்கம்மா, யாராவது பெரியப்பா மகன் மடியில வச்சுக் குத்தலாங்கிறாங்க. எனக்கு மனசு கேக்கல. சொந்த மாமன் இருக்கிறப்ப எம்புள்ள யார் மடியிலயோ ஒக்காரணுமா? வரலன்னா காது குத்த வேணாம். சும்மா இருக்கட்டும் அந்தக் காது.

— சரி, அழாத. கண்ணுத் தண்ணி உள்ள விழுந்தா அதையும் தொடைக்கணும். இங்க பாரு, இது என்னா வெள்ளையா? தூசி மாதிரி இல்லையே, மாவு மாதிரி இருக்கு.

— எங்க?

— ஓரத்துல, பிடிச்சுக்கிட்டு இருக்கு. பிரியந்தி?

— ஆயுத பூசைக்கு வச்சேன்ல.

— வச்சா?

— எல்லாத்துக்கும் பூசினேன். தேயில வெட்டுற கவ்வாத்துக் கத்தி, தையல் மிசின், ஒங்க த்ரீவீல். கெமராவுக்கு லென்ஸ்ல பட்டா கறையாகும்னு லென்ஸக் கழட்டி வச்சிட்டு...

— கழட்டி வச்சிட்டு உள்ள திருநீறு பூசினியா?

— உள்ள இல்ல, நெத்தியிலதான். அது உதிர்ந்து உள்ள விழும்னு எனக்கென்னா தெரியும்?

— கெமராவுக்கு நெத்தி எங்க இருக்கு புள்ள?

— சிரிக்காதீங்க. எங்கண்ணே போன எடத்துல நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிட்டுத்தான் பூசினேன். மூணு வருசமும்.

— அப்ப அவன் கண்டுபிடிச்சது அவனுக்கு வேண்டின திருநீற.

— ஐயோ, சொல்லிராதீங்க.

— பனி எறங்கிருச்சு, ஜன்னலுக்கு வா. தூசி பாக்கணும்னா வெள்ளையா ஒன்னப் படம் எடுக்கணும். இதவிட வெள்ள எங்க கெடைக்கும்? கிட்டத்துக்கு ஃபோகஸ வச்சுட்டா தூரத்துல உள்ளதெல்லாம் கரைஞ்சிரும், தூசி மட்டும் கறுப்பாத் தெரியும்.

— ரோடு தெரியல. கோயிலும் தெரியல. நம்ம வீடு மட்டும் கட்டவுந்து எங்கயோ மெதந்து போற மாதிரி இருக்கு.

— போனா போகட்டும். லென்ஸ மாட்டி, கெமராவ ஜன்னக் கட்டையில வச்சே எடுக்கிறேன், ஆடாது. பாரு.

— ஏழு புள்ளி. வலது பக்கம் மேல பெருசா ஒன்னு. அண்ணே சொன்னது அதுதான்.

— படத்துல மேல இருந்தா உள்ள கீழ இருக்கும். லென்ஸக் கழட்டி ரப்பர் பந்த அமுக்கிட்டு, மாட்டி இன்னொன்னு எடுத்துட்டேன். இப்ப?

— மத்ததெல்லாம் போச்சு. அது மட்டும் போகல.

— பஞ்சுக் குச்சியில தொடைக்கிற மருந்து ஒரு சொட்டு விட்டு நீ இழு. நான் கெமராவப் புடிச்சுக்கிறேன். நீ கொழுந்து எடுக்கிற கை. அழுத்தாம, ஒரே இழுப்பு, திரும்பத் தேய்க்காத.

— இழுத்துட்டேன். என்னா சத்தம் அது?

— மூணு மணி பஸ். கொழும்பு ரயில்ல வந்தவங்கள ஏத்திக்கிட்டு ஹட்டன்லருந்து வாரது. லென்ஸ மாட்டு, எடுத்துப் பாப்போம். அட, துப்புரவாயிருச்சு புள்ள. வலது பக்கம் ஒன்னுமே இல்ல.

— கீழ ஒன்னு இருக்கே. இடது பக்கம், கடுகு மாதிரி.

— லென்ஸ் மாட்டுறப்ப புதுசா விழுந்திருக்கும். இரு, பந்தால ஊதிட்டு இன்னொன்னு எடுக்கிறேன். இப்ப?

— இருக்கு. ஆனா எடம் மாறியிருக்கு. கொஞ்சம் பெருசாவும் இருக்கு.

— ஊதினதுல நகந்திருக்கும்.

— ஒன்னும் செய்யாம இன்னொன்னு எடுங்க. கெமராவத் தொடாதீங்க, பட்டன மட்டும் அமுக்குங்க.

— எடுத்துட்டேன். இன்னும் பெருசு. நடுவுக்கு வந்திருச்சு. அந்தக் குச்சியக் குடு, ஒரே இழுப்புல தொடைச்சிரலாம்.

— தொடைக்காதீங்க. அது நடந்து வருது.