யாக்கோப் எந்தக் கப்பலில் வந்தார்?

— நம்ம முப்பாட்டன் சுவிஸ்ல பொறந்தவரு, பென்சில்வேனியாவுல இந்தக் கிறிஸ்தவ மடத்துல சேர்ந்தவரு. நடுவுல கடல் இருக்கா இல்லையாடா, ஹார்லன்? எந்தக் கப்பல்லயும் யாக்கோப் ஹிர்ஷி பேரே இல்லைன்னா எப்படி?

— நீந்தி வந்திருப்பாரு. முதல்ல வண்டியில ஏறு லொவினாக்கா. உனக்காகக் காத்திருந்து வாங்கி வச்ச பிரெட்ஸல் ரொட்டி கல்லாப் போச்சு.

— வாத்தியார் வேலையை விட்ட நாள்லேர்ந்து இதே பிழைப்பு எனக்கு. பிலடெல்பியாவுல இறங்கினவங்கள்ல ஹிர்ஷின்னு ஒரே ஒருத்தன். அவனும் தச்சன், கல்யாணமே ஆகாதவன்.

— அப்ப விட்டுத் தொலை. நான் ஆயுசு பூரா ஏலம் விட்டவன், சொல்றேன் கேளு. கிடங்கு கட்ட வர்ற கம்பெனி சொல்ற விலைக்கு மேல நம்ம நிலத்துக்கு ஒருத்தனும் கை தூக்கமாட்டான்.

— அந்த வால்நட் மரத்தடியில கல்லறை இருக்கு. சுவிஸ்லேர்ந்து முதல்ல வந்தவரு அங்கதான் படுத்திருக்காருன்னு அப்பா சொல்லலையா? அவர் நெஞ்சு மேல லாரி நிக்கணுமா? நான் கையெழுத்துப் போடாம நீ எப்படி விப்ப?

— கல்லறையாம். ஒரு மொட்டைக் கல்லு, பேரு கிடையாது. அதை மதிச்சு வந்து போறது நம்ம நாய் மட்டும்தான்.

— கல்லுல பேர் வெட்டறதே அகம்பாவம்னு நினைச்ச மனுஷங்கடா அவங்க. உனக்குப் புரியாது.

— சரி, இன்னைக்கு உள்ள என்னதான் சொன்னாங்க? ஏன் முகம் இப்படி இருக்கு?

— சுவிஸ்ல இருக்கிற பெர்ன்லேர்ந்து பதில் வந்திருக்கு. யாக்கோபை அவர் ஊர் சர்ச்சுலயே புதைச்சாச்சாம். அதே பொண்டாட்டி, அதே பண்ணை. இங்க ஓடையில ஞானஸ்நான முழுக்கு வாங்கினதா மடத்து ஏட்டுல இருக்கிற தேதிக்கு அஞ்சு வருஷம் முன்னாடி.

— செத்து அஞ்சு வருஷம் கழிச்சு இங்க வந்து குளிச்சாரா. நல்ல தேகம்.

— சிரிக்காத. பழைய ஏட்டையெல்லாம் பாத்துக்கிற மார்லிஸும் இப்படித்தான் சிரிச்சா. மடத்துக்காரங்க செத்தவங்களுக்காகவும் முங்குவாங்களாம். அப்பன் முழுக்கு வாங்காமலே போயிட்டா, பிள்ளை அவர் பேரைச் சொல்லி இறங்குமாம். ஏட்டுல அப்பன் பேரு மட்டும்தான் ஏறுமாம்.

— அப்ப மனுஷன் கப்பலே ஏறல.

— வாசப்படியே தாண்டல. வராத ஆளைத் துறைமுகம் துறைமுகமாத் தேடியிருக்கேன். அந்த மார்லிஸ் இதை முதல் நாளே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?

— போகட்டும்க்கா. யாக்கோப் அவர் ஊர்லயே நிம்மதியாப் படுத்திருக்காரு. நிலத்தைக் கொடுத்துட்டு நாமளும் நிம்மதியா இருப்போம். வா, ஓட்டல்ல சுடச்சுட கோழி பை சாப்பிடலாம், என் செலவு.

— உன் செலவா? உடம்பு சரியில்லையா உனக்கு?

— ஏன், அக்காவுக்கு வாங்கித் தரக் கூடாதா?

— இரு, இரு. யாக்கோப் வரலைன்னா, அவருக்காக முங்கினது யாரு? மகனோ மகளோ, யாரோ ஒருத்தர் கடல் தாண்டி வந்துதானே ஆகணும். மரத்தடியில இருக்கிறது அவங்கதான்டா.

— பேர்கூடத் தெரியாதேக்கா.

— தெரியவேண்டாம். அப்பன் பேர்ல அந்தப் பச்சைத் தண்ணியில நின்னாங்க. மடமும் அதை ஒத்துக்கிட்டு எழுதி வச்சது. எனக்கு அது போதும். கோழி பையும் வேணாம் ஒண்ணும் வேணாம். நேரா அந்தக் கம்பெனிக்காரன் ஆபீசுக்கு விடு. நிலம் விக்கிறதா இல்லைன்னு அவன் முகத்துக்கு நேரா சொல்லிட்டு வரேன்.

— அக்கா, ஒருத்தர் பேர்ல இன்னொருத்தர் பண்ணா செல்லும்ங்கிற, இல்ல?

— ஏன் செல்லாது? செல்லாமலா எழுதி வச்சாங்க? வண்டியை எடுடா.

— உன் முழங்கால் ஆபரேஷன் சமயத்துல உன் பேர்ல கையெழுத்துப் போட எனக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தியே, அது இன்னும் உயிரோடதான் இருக்கு. காலையில உன்னை இங்க இறக்கி விட்டுட்டு நேரா அவன் ஆபீசுக்குத்தான் போனேன். உன் பேர்லயும் நானே முங்கிட்டேன்.