கதவடியில் ஒரு குதிரைக்காரன்

"ஒரு வருசமாய்ப் பேய்க்கோ விளக்கு வைச்சனீ?"

டென்மார்க்கின் ஒடென்சே நகர பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒருவர் தமிழில் கேட்டார். இறங்கும் இடம் தவறிவிடும் என்ற கவலையில் தரிப்பிடங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்தோ ஆறோ என்று அத்தோடு குழம்பிவிட்டது. முன்னால் இருந்தவர்கள் தொழிற்சாலை வேலை முடிந்து வரும் இருவர். கேட்டவர் மூத்தவர்.

"பழைய சாமான் சந்தையில வாங்கின படம், அண்ணை," என்றார் இளையவர். "இருட்டுக்குள்ள குதிரையில ஒராள். தலைப்பக்கம் புகை பிடிச்சுக் கறுத்துப்போச்செண்டு நினைச்சன். ஐயனார்தானே எண்டு கதவடியில மாட்டினன்."

"இஞ்ச ஆர் ஐயனாரைக் கீறினவை? அது அமெரிக்கப் பேய்க்கதை. தலை போனவன் ஒரு வாத்தியாரைக் குதிரையில துரத்துறான். லைப்ரரிப் புத்தகத்தில அதுக்கு மூண்டு படம் பாத்தனான். ஒண்டில பூசணிக்காயைத் தூக்கி எறியிறான்."

"ஓம், நேற்றுத் துடைச்சுப் பாத்தன். தலை இல்லைத்தான்."

"மூண்டு வருசம் விசா அனுமதி இழுபட்டு, சனிக்கிழமை உன்ரை மனுசி வந்திறங்கிறா. வாசல்லயே முண்டத்தைக் காட்டப்போறியோ? கழட்டு."

"விளக்கு வைச்ச பிறகுதானே, அண்ணை, அனுமதி வந்தது."

"அவ பயந்துபோவா, அப்பு."

இளையவர் சிரித்தார்.

"கழட்டுவன். ஆனா அவ வந்து பாத்து, என்னை ஏசிக் கழட்டச் சொல்லட்டும். இவ்வளவு நாளும் அந்த வீட்டில என்னை ஏச ஒராளும் இல்லை."