கூறை போர்த்திய டென்மார்க் ராசா

இங்கிலாந்தில் மிச்சம் என்ற ஊருக்குப் போகும் பஸ்ஸில் முன் சீட்டிலிருந்த பெண் பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னார்: “நேற்று என்ரை மகள்தான் டென்மார்க் ராசா.”

நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

“பள்ளிக்கூட நாடகமோ?” என்றார் தோழி.

“ஓம். கனூட். இங்கிலாந்தையும் ஆண்டவர். தன்னைப் புகழுற ஆக்களுக்கு, கடல் தனக்கு அடங்காது எண்டு கரையில கதிரை போட்டிருந்து காட்டினவர். தோளில போர்க்க என்ரை கூறைச்சீலையைக் குடுத்தனான்.”

“ஊரிலயிருந்து கொண்டந்த கலியாணக் கூறையையோ?”

“ராசாவுக்குப் பழஞ்சீலையோ குடுக்கிறது?”

“கடலுக்கு என்ன செய்தவை?”

“பிள்ளையள் வாளியால தண்ணி ஊத்தினவை. கூறையைத் தூக்கிப் பிடி எண்டு டீச்சர் சொன்னவ. இவள் அசையேல்லை.”

“ஐயோ, நனைஞ்சிருக்குமே.”

“நனையட்டும். நனைஞ்சு காட்டத்தானே அந்த ராசா அங்கை இருந்தவர்.”