இரண்டு வரிசை எலிகள்

எலிகளிடம் எனக்கு அருவருப்பு இருந்ததே இல்லை. கையில் எடுத்தால் வெதுவெதுப்பாக இருக்கும்.

ஆராய்ச்சிக்கூடத்தில் கூண்டுகள் என் பொறுப்பு. மாலையில் வகுப்புக்குப் போவேன். ஒரு வரிசைக் கூண்டுகளை ரேடான் வாயு நிரப்பிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். எங்கள் ஊர்ச் சுரங்கப் பாறையிலிருந்து கசிகிற அதே வாயு, நிறமும் மணமும் இல்லாதது. இன்னொரு வரிசைக்கு நல்ல காற்று. ஒரே வரிசை எப்போதும் நஞ்சையே சுவாசிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. யாரும் இல்லாதபோது வரிசைகளை மாற்றி மாற்றி வைத்தேன். ஆளுக்குப் பாதி. இதைக் கருணை என்று சொல்லலாமா என்று அப்போதே யோசித்தேன். வேறு சொல் கிடைக்கவில்லை.

இரண்டு வரிசை எலிகளின் நுரையீரலிலும் ஒரே அளவில் கட்டிகள் வந்தன. ஆராய்ச்சியை நடத்திய டாக்டர் தலையைச் சொறிந்தார். பிறகு, காரணம் வாயு இல்லை, இந்த எலிகளின் பரம்பரைக் கோளாறு என்று அறிக்கை எழுதினார். அதை நம்பி, வாயுவை வெளியேற்றும் விசிறிகளை நிறுத்திவிடச் சுரங்க நிர்வாகம் தீர்மானித்தது.

என் அண்ணன் அங்கே பாறை உடைப்பவன். சாப்பிடும்போது கேட்டான்.

"என்னடா எலி டாக்டர், விசிறிய நிறுத்தப் போறாங்களாமே. உன் மாமன் மச்சானுங்க என்ன சொல்றாங்க?"

"ஒண்ணும் ஆகாதுண்ணே."

"அப்பாடா," என்றார் அண்ணி. "வேலைய விட்டுடறேன்னு காலையிலேருந்து குதிச்சிட்டிருந்தாரு, தம்பி. நான் சொன்னா காதுல ஏறாது, நீ சொன்னா வேதவாக்கு."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் வேலை போகும். வேலை போனால் படிப்பு போகும். அண்ணன் தட்டை நீட்டினான். பரிமாறினேன்.

வருடங்கள் ஓடிவிட்டன. எனக்கு ஒரு பட்டம் கிடைத்தது; அடுத்ததற்குப் படிக்கிறேன். அண்ணனால் எழுந்து நாலு அடி நடக்க முடியவில்லை. அவனோடு இறங்கியவர்களில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். மற்றவர்கள் இன்றும் இறங்குகிறார்கள், விசிறிகள் ஓடுவதில்லை. தினமும் டாக்டரின் அறைக் கதவு வரை போகிறேன். விஷயம் தெரிந்தால் அண்ணன் மனம் உடைந்துபோவான், படுத்த படுக்கையாகக் கிடப்பவனை அப்படி வதைக்கலாமா என்று திரும்பிவிடுகிறேன்.

நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"காத்து நல்லாத்தானேடா இருந்துச்சு? அப்புறம் ஏண்டா எனக்கு இப்படி?"

"நம்ம பரம்பரை அப்படிண்ணே," என்றேன்.

நிம்மதியாகக் கண்ணை மூடினான். தலையணையை உயர்த்தி வைத்தேன். யாரும் மூச்சுத் திணறுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.